குறைந்த பங்கு யார் கைக்குச் சேர்ந்தது?

ஒருவர் தமக்குரிய ஊதியத்தைத் தாமே குறைத்துக்கொண்டார் என்று கேட்ட மாத்திரத்தில் 'ஆகா, என்ன தியாகம்!' என்று நம் நா புகழ்ந்துவிடுகிறது. குறைந்த தொகை எங்கே போயிற்று, யார் கைக்குச் சேர்ந்தது என்று வினவ நமக்குத் தோன்றுவதில்லை. பொருள் சம்பந்தப்பட்ட காரியங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான்.

திருத்தணியிலிருந்து மின்சார ரயிலேறிச் சேப்பாக்கம் மைதானத்திற்குச் செல்லும் நம் இளைஞர்கள், எம்மதத்தவராயினும், ஒரு பெயரைச் சொன்னால் ஒன்றாகிவிடுகின்றனர். ராஞ்சியில் பிறந்து, தமிழ்நாட்டால் 'தல' என்று சொந்தம் கொண்டாடப்படும் மகேந்திர சிங் தோனியின் பெயரே அது. 2018ஆம் ஆண்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அவரைத் தக்கவைத்துக்கொண்டபோது அவருடைய ஊதியம் 15 கோடி ரூபாய். 2022இல் அது 12 கோடியாயிற்று. 2025இல் 4 கோடியாகச் சுருங்கிற்று. பெயர் குன்றவில்லை, கூட்டம் குறையவில்லை, ஊதியம் மட்டும் பழைய அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிற்று.

இதன் உட்கணக்கைச் சற்றுப் பொறுமையுடன் பாருங்கள். ஐபிஎல் போட்டியில் ஓர் அணி வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டு. 2022இல் அது 90 கோடி. நால்வரைத் தக்கவைத்துக்கொண்டால் முதல்வருக்கு 16, இரண்டாமவருக்கு 12, அடுத்தவர்களுக்கு 8, 6 கோடி என்பது ஏற்பாடு. முதல் இடம் தோனிக்கே என்று ஊரெல்லாம் எண்ணியிருக்க, அந்த இடத்தில் ரவீந்திர ஜடேஜாவின் பெயர் வந்தது. தோனி இரண்டாமவரானார். வரிசையை அறிவித்தது நிர்வாகமே என்றாலும், தோனி மனம் ஒப்பாமல் அவ்வணியில் அப்படியொரு வரிசை அமைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. யாரை முதலில் வைத்தாலும் அணிக்குக் கழிவது 42 கோடிதான். ஆகவே முதலாளிக்கு இதில் ஒரு காசும் மிச்சமில்லை. தோனியின் பெயர் முதலில் இருந்திருந்தால் அவருக்கு வந்திருக்கக்கூடிய 4 கோடி, நேரே உடனாடும் வீரரின் கைக்குப் போயிற்று. 2018இல் 7 கோடி பெற்றவர் அவர். 2023 மே மாத இறுதிப் போட்டியில், கடைசி இரு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்ட வேளையில், ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையைச் சென்னைக்குப் பெற்றுத் தந்தவரும் அந்த ஜடேஜாவே.

2025ஆம் ஆண்டின் கணக்கு இன்னும் நுட்பமானது. சர்வதேசப் போட்டியில் களமிறங்கி ஐந்தாண்டுகள் கடந்த இந்திய வீரரை, நாட்டுக்காக ஆடாத வீரரின் கணக்கில் 4 கோடிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய விதி மீண்டும் கொண்டுவரப்பட்டது. தோனி கடைசியாக நாட்டுக்கு ஆடியது 2019 ஜூலையில். உலகக் கோப்பையை இருமுறை நாட்டுக்குப் பெற்றுத் தந்த தலைவர், நாட்டுக்கே ஆடாதவரின் வரிசையில் நிற்பதா என்று சிலர் முகம் சுளித்தனர். அவர் அந்த வரிசையில் நிற்க இசைந்தார். சர்வதேச வீரர் கணக்கில் ஐந்தாமவராக அவரை வைத்திருந்தால் அணியின் பணப்பையிலிருந்து 14 கோடி கழிந்திருக்கும். 4 கோடியே கழிந்ததால் 10 கோடி மிஞ்சிற்று. 2024 நவம்பரில் ஏலம் நடந்தது ஜித்தா நகரில். (மனிதரை ஏலத்தில் விடுவது என்ற சொல்லே என் செவிக்கு இனிமையாக இல்லை. ஹாஜிகள் இஹ்ராமுடன் கடந்து செல்லும் ஊரில் அது நடந்தது இன்னும் ஒரு விந்தை.) அங்கே ஆப்கானிஸ்தானத்து இளம் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமதுவைச் சென்னை அணி எடுத்த விலையும் சரியாக 10 கோடிதான். அவ்வாண்டு சென்னைக்காக மிகுதியான விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவரே.

அமெரிக்காவில் ஆடப்படும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று; கையால் எறிந்தும் ஆடுவது. அதிலும் 1994 முதல் அணியின் மொத்த ஊதியத்திற்கு உச்சவரம்பு உண்டு. அவ்வாட்டத்தில் பந்தை எறிந்து அணியை நடத்தும் டாம் பிராடி, தம் நிலைக்குக் கிடைத்திருக்கக்கூடியதை விடக் குறைவாகவே பல ஆண்டுகள் பெற்று நியூ இங்கிலாந்து அணியில் ஆடினார் என்பர். அவ்வணிக்காக ஆறு முறை பட்டம் வென்றார். அங்கும் பை ஒன்று, பங்காளிகள் பலர். ஒருவர் குறைத்தது இன்னொருவருக்குக் கூடிற்று.

எனினும், அன்பர்களே, புகழ்ச்சியில் அளவு மீறலாகாது. தோனிக்கு விளம்பரங்களிலிருந்து வரும் வருவாய் தனி. 11 கோடி குறைந்ததால் அவர் வீட்டு அடுப்பு அணையவில்லை. மேலும், பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது, இடத்தை விட்டுக்கொடுப்பதே அரிது. அதே 2025இல் சேப்பாக்கத்தில் பெங்களூரு அணிக்கு எதிராக அவர் ஒன்பதாவதாக மட்டை பிடிக்க வந்தார். அணி 50 ஓட்டங்களில் தோற்றது. ஆண்டு முடிவில் பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. அந்த இடத்தில் ஓர் இளைஞனை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டவர்களை நான் குறை கூறமாட்டேன். தலைமைப் பதவியை அவர் 2022இல் ஜடேஜாவிடமும், அது நிலைக்காமற்போய்த் தாமே மீண்டும் ஏற்றபின் 2024இல் ருதுராஜ் கெய்க்வாட்டிடமும் ஒப்படைத்தவர் என்பதையும் உடன் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

திருத்தணிக்கு இவ்விஷயத்தில் சொந்தமான ஒரு நினைவு உண்டு. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இவ்வூரில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். மாதம் 10,000 ரூபாய் ஊதியத்தில் 2,500 ரூபாயை மட்டும் பெற்றுக்கொண்டு, மிச்சத்தைப் பிரதமரின் நிவாரண நிதிக்கு விட்டுவிட்டார். நம் முதல் கலீபா ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீபாவான பின்னும் துணிகளைச் சுமந்து சந்தைக்குப் புறப்பட்ட அவர்களை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து குடும்பச் செலவுக்குப் படி கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தப் படியிலிருந்து துணைவியார் ஓர் இனிப்புப் பண்டம் செய்வதற்காகச் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்தார்கள். அதைக் கண்ட கலீபா, இது தேவைக்கு மிஞ்சியது என்று கருதி, அத்தொகையைப் பைத்துல்மாலில் சேர்த்ததோடு அந்த அளவைத் தம் படியிலேயே குறைத்துக்கொண்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இவ்விருவரிடத்தும் குறைத்தவர் மேலே இருந்தவர். குறைக்கும்படி அவரை வற்புறுத்தியவர் எவருமில்லர். மிச்சம் போய்ச் சேர்ந்த இடமும் ஊரறிந்தது.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும், எல்லைக்கு அப்பால் நகரியிலும், விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நூல் விலை ஏறினாலும் துணி தேங்கினாலும் 'எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம்' என்ற குரல் முதலில் கூலிக்காரரை நோக்கியே எழுகிறது. தறிக்கூலியில் குறைந்தது எந்தச் சக தொழிலாளிக்கும் கூடுவதில்லை. அங்கே பொதுப் பை என்று ஒன்று இல்லை. இருப்பது முதலாளியின் கணக்கு நோட்டு ஒன்றே, அதுவும் மூடியே இருக்கும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நாடெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் ஊழியர் ஊதியத்தை வெட்டின. வெட்டியது எங்கே போயிற்று என்று அவ்வூழியர்களில் எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது?

வெளியாரை மட்டும் சொல்வானேன்? ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு ஜமாஅத் கூட்டத்தில் இமாமின் சம்பள உயர்வு பற்றிப் பேச்சு எழுந்தது. இமாமுக்கு நான்கு பிள்ளைகள். வாடகை வீடு. கூட்டத்தில் வசதி படைத்த ஒருவர் எழுந்து, "தோனியே அணிக்காகக் கோடிகளை விட்டுக்கொடுத்தார், ஹஜ்ரத் அவர்கள் தீனுக்காக இந்தச் சிறு தொகையை விடக்கூடாதா?" என்று கேட்டார். பலர் தலையசைத்தனர். இமாம் மறுமொழி கூறவில்லை. சம்பளம் உயரவில்லை. அவ்வாண்டு ரமலானுக்குள் பள்ளிவாசலின் மினாராவுக்குப் புதிதாக வண்ண விளக்குகள் வந்து சேர்ந்தன.