வலியில்லை என்று வாளாவிருக்கலாமா?

மார்புப் புற்றுநோய் பெரும்பாலும் வலியுடன் வருவதில்லை. சிறு கட்டியாகத் தொடங்குகிறது. காய்ச்சல் கிடையாது, கைகால் ஓய்வதில்லை. ஆகவே, பஞ்சாலையில் நூல் முடியும் பெண்ணும், வயலில் களை பறிக்கும் பெண்ணும் அதைப் பொருட்படுத்தாமல் வேலைக்குப் போகிறார்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறார்கள். வலி வரும்போது நோய் முற்றிவிடுகிறது.

தள்ளிப் போடுவதன் விலை என்ன? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். 2012 முதல் 2015 வரை நோய் கண்ட இந்தியப் பெண்களைப் பற்றிய பதிவேட்டுக் கணக்கு இன்னொரு உண்மையைச் சொல்கிறது. நோய் மார்பளவில் இருந்தபோதே வந்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின் வந்தவர்களில் அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். இரண்டு தொகைக்கும் இடையே இருப்பது தலைவிதியல்ல, காலதாமதம்.

தன் மார்பைத் தானே தடவிப் பார்த்தால் போதுமா? போதாது. ஷாங்காய் நகரின் பஞ்சாலைகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1989-இல் தொடங்கிய அந்த ஆய்வில் 519 ஆலைகளைச் சேர்ந்த 2,66,000-க்கும் அதிகமான பெண்கள் இருந்தனர். பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை கற்பிக்கப்பட்டது. மறு பாதிக்கு இல்லை. 2002-இல் முடிவு வெளியானது. இரு பிரிவிலும் இந்நோயால் இறந்தோர் தொகை ஏறக்குறைய ஒன்றே. கற்றவர்களிடம் சாதாரணக் கட்டிகள்தான் அதிகம் அகப்பட்டன.

பம்பாயின் ஏழைக் குடியிருப்புகளில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1998-இல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். நோய் முற்றுமுன்பே தெரிந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டையும் சேர்த்து எடைபோட வேண்டும். தன் உடலை அறிந்திருப்பது முதல் படி. பயிற்சி பெற்ற கை சோதிப்பது இரண்டாவது படி. சிகிச்சையை முடிப்பது மூன்றாவது படி. ஒரு படியில் நின்றுவிட்டால் பயனில்லை.

முதல் படிக்குச் செலவில்லை. மாதவிலக்கு நின்று சில நாள் கழித்துப் பாருங்கள். மாதவிலக்கு அடியோடு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால், கழுத்தெலும்பிலிருந்து மார்பின் அடி வரை, அக்குள் உட்பட, சிறு வட்டமாக அழுத்திப் பாருங்கள். கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு ஆகியவற்றில் எது புதிதாகக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், அண்டை வீட்டாரல்ல.

சிகிச்சையில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கம் நோய் வந்தவருக்கு மறு பக்கமும் வரக்கூடும். ஆகவே மறு மார்பு, ஆபரேஷன் தழும்பு, இரு அக்குள், கழுத்தெலும்பின் மேற்பகுதி ஆகியவற்றைக் கவனித்து வாருங்கள். ஆபரேஷனும் கதிர்வீச்சும் உடலை மாற்றிவிடும். எது சாதாரணம், எது புதிது என்று நர்சிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். கீமோ மருந்து ஏற்றும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அக்குள் கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கினாலும், முள்ளோ அரிவாளோ கீறிச் சிவந்தாலும் உடனே காட்டுங்கள். ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்திருந்தால், குறைந்தது ஐந்தாண்டு சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கொரு மேமோகிராம் படமும் தவறக்கூடாது.

இத்தனையும் செய்யக் கூலி இழப்பு குறுக்கே நிற்கிறது. தொழிலாளி தன் உரிமையை அறிய வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் புற்றுநோய்க்கு நீண்டகால நோய் உதவி உண்டு. இரண்டாண்டு தொடர்ந்து வேலை செய்து, உரிய சந்தாவும் கட்டியிருந்தால், தினக்கூலியில் 80 சதவீதம், இரண்டாண்டு வரை பெறலாம். ஆலையில் பேரே பதியப்படாத பெண்ணுக்கு இது எட்டாக்கனி. பேர் பதியச் செய்வதும் உயிர் காக்கும் வேலைதான். விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும். அந்த அட்டையை நோய் வருமுன்பே வாங்கி வையுங்கள். ஆனால் சிகிச்சை நாட்களின் கூலியை அந்த அட்டை தராது. பஸ் சத்தத்தையும் தராது.

ஆகவே நாம் கேட்கிறோம்: பரிசோதனை நாளுக்குச் சம்பளத்துடன் லீவு வேண்டும். 30 வயது கடந்த ஒவ்வொரு பெண்ணையும் சோதிக்க ஆலை வாசலுக்கும் சேரிக்கும் பெண் சுகாதார ஊழியர் வரவேண்டும். சிகிச்சைக்காலத்தில் கூலி இழக்கும் விவசாயத் தொழிலாளிக்கு சர்க்கார் ஈடு தரவேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. இந்நோய் தொற்றுவதல்ல, பாவத்தின் பலனுமல்ல, அபூர்வமாக ஆண்களுக்கும் வருவது. மனைவியை, தாயை, சகோதரியை அழைத்துச் செல்லுங்கள். அன்றைய அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள். வெட்கம் என்று மறைத்த கட்டி கரைவதில்லை, வளர்கிறது. சிகிச்சை முடித்துத் திரும்பிய சகோதரி வாய்திறந்து பேசினால், பக்கத்து மிஷினில் நிற்பவளுக்குத் தைரியம் பிறக்கும். அவளைப் பேசவிடுங்கள், அவள் சொல்வதைக் கேளுங்கள், இந்த மாதமே பரிசோதனைக்குப் புறப்படுங்கள்.