ஹெரால்டுக்குப் பொருத்தம் பார்க்கலாமா?

மன்னார்குடி, கும்பகோணம், திருவையாறு பக்கத்துப் பெரிய வீடுகளில் வில்வண்டி நின்ற கொட்டகை பிறகு கார் ஷெட் ஆனது. அங்கே வந்து நின்றவை பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதலாவது வங்காளத்திலிருந்தும் இரண்டாவது பம்பாயிலிருந்தும் வந்தவை. ஹெரால்டு மட்டும் நம்ம ஊர்ப் பிள்ளை. சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் தயாரானது.

அப்படி ஒரு ஹெரால்டு எந்த வீட்டிலாவது தார்ப்பாய்க்கு அடியில் மிச்சம் இருந்தால், பொங்கலுக்கு ஊர் வரும் பையன் கண்ணில் அது பட்டே தீரும். "பெரியப்பா, இன்ஜினை மாத்திட்டா வண்டி பறக்கும்" என்பான். "பறக்கறது அப்புறம்டா. முதல்ல வெண்ணாத்துப் பாலம் ஏறட்டும்" என்பார் பெரியப்பா. இந்த விஷயத்தில் பெரியப்பா கட்சிதான் சரி. எப்படி என்று பார்ப்போம்.

பையனின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த காரின் இந்திய வடிவம்தான் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அதே சேஸிஸைக் குட்டையாக்கி, அதன்மேல் கட்டியதுதான் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, ஷெட்டில் தூங்குவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன். முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து முழுசாக முதலை வாய் மாதிரி திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸைக் கழற்றுவதுகூட வண்டிக்கு உள்ளிருந்துதான். நடு மேட்டின் மூடியை எடுத்தால் போதும். இவ்வளவு வசதியான வண்டியைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும்.

பழைய இன்ஜின் 948 சிசி. 40 குதிரைத்திறனைத் தொடாது. அந்த இடத்தில் வைக்கப் பலரும் தேடுவது மாருதி ஜிப்ஸியின் 1,298 சிசி இன்ஜின். எம்.பி.எஃப்.ஐ. வடிவில் 80 குதிரைத்திறன். இழுவிசை 103 நியூட்டன் மீட்டர். பழையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இன்ஜினை வாங்கிவந்து ஷெட்டில் இறக்கியதும் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று தோன்றும். உண்மையில் கிணறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காரணம், கிளட்ச் பிளேட். இன்ஜினின் பின்னால் ஃபிளைவீல். அதோடு போல்ட் போட்டு நிற்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருப்பது கிளட்ச் பிளேட். அதன் வெளிவட்டம் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். நடுத்துளையில் உள்ள பற்களோ, கியர்பாக்ஸிலிருந்து நீண்டுவரும் ஷாஃப்டின் பற்களோடு பொருந்த வேண்டும். பிறந்த வீடு கியர்பாக்ஸ், புகுந்த வீடு இன்ஜின். இரண்டு வீட்டுக்கும் ஒத்துவராத பிளேட்டை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது.

இதோடு பொருத்தம் முடியவில்லை. அந்த ஷாஃப்டின் நுனி, கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்ன பைலட் பேரிங்கில் போய் உட்கார வேண்டும். வேறு கம்பெனி கியர்பாக்ஸ் என்றால் நடுவே ஒரு அடாப்டர் பிளேட் செய்வார்கள். அரிசி ஆலை ஷாஃப்டையும் போர்செட் பம்பையும் பார்த்துப் பழகிய நம்மூர் லேத் பட்டறைகளுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் இங்கே கண்மதிப்பு உதவாது. இரண்டு ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் பார்க்க வேண்டும். தவறினால் முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு கிளட்ச்சை மிதிக்கும்போது ஒரு முனகல், அடுத்து கியர் தானாக நழுவுவது, கடைசியில் பிளேட்டின் நடுப்பகுதியே பிய்ந்துபோவது.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் பெரிய கம்பெனிகளே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஜோடியாக எடுத்தன. 1980-களில் வந்த கான்டெஸா, அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. பிறகு இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது கூடவே ஐந்து கியர் பாக்ஸும் வந்தது. பிரீமியர் 118 என்.இ. உடம்பால் ஃபியட், இன்ஜின் நிஸான், கியர்பாக்ஸும் நிஸான். கம்பெனிக்கே அப்படி என்றால், ஷெட்டில் வேலை செய்பவர் தனித்தனியாகப் பொறுக்குவது வீண் வம்பு.

ஜிப்ஸியில் ஒரு வசதி உண்டு. நான்கு சக்கரத்துக்கும் சக்தி பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாக நிற்கும். அதை விட்டுவிட்டு ஐந்து கியர் பாக்ஸை மட்டும் எடுக்கலாம். ஆனால் ஸ்பீடாமீட்டர் கேபிள் மாட்டும் இடம் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால், வேகம் காட்ட வேறு வழி பார்க்க வேண்டும். ஜிப்ஸி கிளட்ச் கேபிளில் இழுபடுவது, ஹெரால்டின் பெடல் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. அதையும் மாற்றியாக வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிச் சரியான நீளத்துக்கு ஆக்கி பேலன்ஸ் பார்க்க வேண்டும். கியர் லீவர் எங்கே முளைக்கிறது என்பதையும் முன்கூட்டியே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் குத்திக்கொண்டு நிற்கும்.

ஐந்தாவது கியர் எதற்கு? கணக்கு சுலபம். பழைய ஹெரால்டின் பின் அச்சு விகிதம் 4.875. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்று சுற்றும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.8 என்று கொண்டால் அது 2,900 ஆகக் குறையும். தஞ்சாவூர் - திருச்சி நாலுவழிச் சாலையில் பக்கத்து சீட்டோடு கத்தாமல் பேச அது போதும். ஆனால் டெல்டாவில் வண்டி ஓடும் நேரத்தில் பாதி, வாய்க்கால் கரைச் சாலையிலும் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னாலும்தான் போகிறது. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பக்கம் நெல் காயும். மறு பக்கம் எதிரே பஸ் வரும். அங்கே உழைப்பது முதல் கியரும் கிளட்ச்சும்தான்.

"அப்போ நல்லா கெட்டியான பிரஷர் பிளேட்டா போட்டுடுவோம்ணே" என்று பட்டறையில் யோசனை வரும். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் இடது முழங்காலுக்குத்தான் செலவு. பழைய டிரையம்ப் இன்ஜினையே வைத்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கமாகத் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர்கள் இந்த இன்ஜினின் பலவீனமான இடம். அவை தேய்ந்து விழுந்தால் இன்ஜினே போய்விடும். சேற்றில் கேஜ் வீல் மாட்டி டிராக்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பிளேட்டைத் தின்பது பெரும்பாலும் பாரம் இல்லை, அரை கிளட்ச்சில் வைத்த கால்.

பின்பக்கத்தையும் பார்க்காமல் விடக் கூடாது. ஹெரால்டின் பின் அச்சு, இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் வகை. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். 40 குதிரைக்குள் அடங்கியபோதே அந்தக் குணம் உண்டு. இருமடங்கு சக்தி வந்தால், பிரேக்கையும் அச்சையும் சேர்த்துப் பலப்படுத்தாமல் அதில் குழந்தைகளை ஏற்றக் கூடாது.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் வேறு இன்ஜின் வைத்தால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும்போதுதான் வலி தெரியும். இன்னொன்று: 2021-ல் வந்த விதிகளின்படி 50 வயது தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் இருக்கும் வண்டிகளை வின்டேஜ் என்று பதியலாம், புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பழைய ஹெரால்டுகளுக்கு இப்போது அந்த வயது வந்துவிட்டது. ஜிப்ஸி இன்ஜின் ஏறிய நாளில் அந்தத் தகுதி இறங்கிவிடும்.

அதனால் வண்டியின் சொந்த இன்ஜின் பிழைக்கும் நிலையில் இருந்தால், போரிங் போட்டு, த்ரஸ்ட் வாஷரும் கிளட்ச் செட்டும் புதிதாக மாற்றி அதையே ஓட்டுவதுதான் நல்லது. சிலிண்டர் பிளாக் வெடித்து வேறு வழியே இல்லை என்றால், ஆர்.டி.ஓ. அனுமதியை வாங்கிக்கொண்டு இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுக்கலாம். சேஸிஸில் வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்ட பிராக்கெட்டில் உட்கார வைக்க வேண்டும். கழற்றிய 948 சிசி இன்ஜினையும் அதன் கியர்பாக்ஸையும் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, அதே ஷெட்டின் மூலையில் வைத்திருங்கள்.