குடலுக்கு வயசாச்சா? பவுடரை விடுங்க சாமி!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ரிட்டயர் ஆன மில் தொழிலாளி யாராவது "வயிறு சரியில்லப்பா" என்று சொன்னால் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." இன்னொன்று, "ஸ்டெம் செல் பவுடர் சாப்பிடுங்கண்ணே, குடல் புதுசா வளரும்." முதல் பதில் இலவசம். இரண்டாவதுக்கு எங்க பெரியப்பா கொடுத்தது டப்பா ஒன்றுக்கு 4,500 ரூபாய். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

"காமர்ஸ் படிக்கிற பயலுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று பெரியப்பாவே கேட்டுவிட்டார். விற்கிறவர் மட்டும் டாக்டரா என்ன? :-)

விஷயத்துக்கு வருவோம். சிறுகுடலின் உள்படலம் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் கிட்டத்தட்ட முழுசாகப் புதுப்பிக்கப்படுகிறது. அந்த வேலையைச் செய்வது குடல் சுவரில் உள்ள குட்டிக் குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள். 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தை வைத்து இவற்றைக் கண்டுபிடித்தது.

வயதானால் இந்தச் செல்கள் தீர்ந்துபோய்விடுகின்றனவா? இல்லை. இங்கேதான் பவுடர்காரர்களின் கதை உடைகிறது.

நம்ம ஊர் பால்கோவாவை வைத்தே சொல்கிறேன். மாஸ்டர் இருக்கிறார், பால் இருக்கிறது, ஆனால் அடுப்பில் தீ குறைந்துவிட்டது. கோவா திரளுமா? ஸ்டெம் செல்தான் மாஸ்டர். 'வின்ட்' என்ற வளர்ச்சி சமிக்ஞைதான் தீ. அந்தத் தீயைக் கவனிக்க பக்கத்திலேயே பானெத் செல்கள் என்ற உதவியாளர்கள் உண்டு. 2019இல் ஃபின்லாந்தின் பெக்கா கதாயிஸ்தோ குழு நேச்சர் இதழில் எழுதியது இதுதான்: வயதான குடலில் பானெத் செல்கள் 'நோட்டம்' என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கின்றன (நம்ம ஊர் நோட்டம் விடுறது இல்லீங்க). அது வின்ட் சமிக்ஞையை மட்டுப்படுத்துகிறது. அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே தண்ணீர் தெளிக்கிறார்! நோட்டத்தைத் தடுத்தபோது கிழட்டு எலிகளின் குடல் காயத்திலிருந்து நன்றாகத் தேறியது. கவனிக்க: எலிகளின் குடல்.

தீ குறைந்த அடுப்புக்கு இன்னொரு மாஸ்டரை பஸ் ஏற்றி அனுப்பி என்ன பிரயோஜனம்? அதுவும் டப்பாவில் இருப்பது 'ஆப்பிள் ஸ்டெம் செல்'. முருங்கைக் கொழுந்திலும் ஸ்டெம் செல் உண்டு, கீரைக்கட்டு விலைக்கே கிடைக்கும். எதைத் தின்றாலும் வயிற்றுக்குள் போனால் இட்லிக்கு ஆகிற கதிதான்.

சரி, நிஜமாகவே தீயை ஏற்றிவிடும் மருந்து வந்தால்? அப்போதும் நிதானம் வேண்டும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் கட்டுமீறி எரிவது இதே வின்ட்தான். குடல் ஸ்டெம் செல் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு சுமார் 40 மரபணுப் பிழைகள் சேர்வதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அறுபது வயதில் கணக்குப் போட்டால் 2,400. இத்தனை பிழை சுமந்த செல்லைக் கண்ணை மூடிக்கொண்டு "வளர் வளர்" என்று விரட்டலாமா?

இப்போது என் பாடம். ஒருவர் வாங்குகிறார், நாலு பேரைச் சேர்க்கிறார், கமிஷன் மேலே போகிறது. லாபம் பவுடரில் இல்லை, ஆள் பிடிப்பதில் இருக்கிறது. இந்தப் பிரமிடு வியாபாரத்தை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊசியாகப் போடும் ஸ்டெம் செல்லுக்கும், ரத்தநோய் போன்ற ஒருசிலவற்றைத் தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இடமில்லை என்று ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

பணம் போவதுகூடப் பரவாயில்லை, நாள் போகிறதே! மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிப்போன மலம் கழிக்கும் வழக்கம்... இவை வயதின் அடையாளம் அல்ல, பரிசோதிக்க வேண்டிய அறிகுறிகள். "வயசாச்சுல்ல" என்கிறவரும் பவுடர் விற்கிறவரும் சேர்ந்து அந்தப் பரிசோதனையைத்தான் தள்ளிப்போட வைக்கிறார்கள். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் அந்த டப்பாவைப் பார்த்தால் சண்டை போடாதீர்கள். "வயிறு எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பிறகு ஓ.பி. சீட்டு வாங்க நீங்களே வரிசையில் நில்லுங்கள்.