மாலைச் சங்கமா? கணக்குச் சங்கமா?

தமிழ்த் தோழர்களே! நம்மவரிடையே சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. நால்வர் கூடினால் ஒரு சங்கம். ஐந்தாமவர் வந்தால் அது இரண்டாகும். சாதிக்கொன்று, ஊருக்கொன்று, கட்சிக்கொன்று! தலைவருக்கு மாலை, விருந்தினருக்குப் பொன்னாடை, ஆண்டு விழாவில் நாற்காலிச் சண்டை. இவற்றோடு அவற்றின் திருப்பணி முற்றுப்பெறுகிறது. இவற்றால் ஓர் ஏழைக் குடும்பத்தின் வட்டிக்கடனாவது தீர்ந்ததுண்டா என்று கேட்பவனைச் சமூகத் துரோகி என்பர். ஆயினும் யாம் கேட்கின்றோம்.

"கையில் காசில்லாதவர் கூடி என்ன சாதிக்க முடியும்? பணக்காரன் தொழில் நடத்தட்டும், நாம் கூலி பெறுவோம்" என்பது சிலர் வேதாந்தம். இவ்வேதாந்தத்தை நம் தோட்டப் பாட்டாளிகளே பொய்யாக்கினர். மலாயா 1957ல் சுதந்திரமடைந்ததை ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்று இலாபங் கண்டனர். காலமெல்லாம் பால்மரம் சீவியவரோ வேலையையும் லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்து திகைத்தனர்.

அந்நிலையில்தான் 1960ல், வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குகள் வாங்கினர். மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பின்னர் வேறு பல தோட்டங்களும் வந்தன. கூலி என்று இகழப்பட்டவன் தோட்டத்திற்குப் பங்காளியானான்! இது எவரேனும் இட்ட பிச்சையா? அன்று, வியர்வைக் காசு ஒன்றுகூடிய வலிமை.

கூட்டுறவின் நுட்பம் இதுவே. கம்பெனியில் பங்கு மிகுந்தவனுக்கு வாக்கு மிகுதி. கூட்டுறவிலோ பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே. மேல்சாதி, கீழ்சாதி, ஆண், பெண் என்னும் பேதம் அங்கு செல்லாது. கடல் கடந்து சென்ற இலாபம் உழைத்தவன் வீட்டுக்கே திரும்புகிறது. ஓர் ஊர் தன் காலில் நிற்க இதனினும் நேரிய வழி வேறு யாது?

ஆனால் சங்கம் என்ற பெயர் மட்டும் எவரையும் காப்பாற்றாது. 1986ல் மலேசியாவில் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. பல இன மக்களின் சேமிப்புப் பணமும் அவற்றில் சிக்கிக்கொண்டது. நிர்வாகிகள் தவறு செய்தனர் என்று ஏசுவது எளிது. கேள்வி கேட்காத அங்கத்தினன் உள்ள இடத்தில் திருடன் பூட்டை உடைக்க வேண்டுவதில்லை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்!

இன்று தோட்டங்களை விட்டுப் பட்டணம் புகுந்தோர் பலர். தந்தை வாங்கிய பங்குப் பத்திரம் எந்தப் பெட்டியிலுள்ளது என்பதை அறியாத பிள்ளைகள் எத்தனை பேர்! பொதுக்கூட்ட அறிவிப்பைப் பிரித்தும் பாராமல், "தலைவர்கள் தின்றுவிட்டனர்" என்று காப்பிக்கடையில் முழங்குவதால் பயன் என்ன?

ஆதலின் தோழர்களே, பெட்டியைத் திறவுங்கள், பத்திரத்தைத் தேடுங்கள். பொதுக்கூட்டத்திற்குச் செல்லுங்கள், மனைவியரையும் மகளிரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வரவென்ன, செலவென்ன என்று எழுந்து நின்று கேளுங்கள். மாலை மறுநாளே வாடிவிடும். கணக்கைக் கேட்கும் வாய் இருக்கும் வரைதான் சங்கம் நம்முடையது.