வானூர்தி பழையது, உயிருமா பழையது?

2024 செப்டம்பர் இறுதியில் இமாசலப் பிரதேசத்து ரோத்தாங் கணவாய்ப் பக்கம் பனிக்குள்ளிருந்து நான்கு படைவீரர்களின் உடல்களை எடுத்தார்கள். அவர்கள் மாண்டது எப்போது? 1968 பிப்ரவரி 7-இல்! இடையே ஓடியவை 56 ஆண்டுகள். நால்வரில் ஒருவர் நம் பக்கத்துக் கேரளத்தின் இலந்தூர்க்காரர். மறைந்தபோது வயது 22. பெட்டி ஊர் வந்து சேர்ந்தபோது, அதை வாங்கிக்கொள்ளப் பெற்றவர்கள் உயிரோடில்லை.

சண்டிகரிலிருந்து லே நகருக்குப் புறப்பட்ட வானூர்தி அது. சோவியத் நாட்டில் செய்த ஆன்டனோவ் 12. ஏறியிருந்தவர்கள் 102 பேர். வானிலை கெட்டது, வானோடி வண்டியைத் திருப்பினார். திரும்பும் வழியிலே மலை விழுங்கிற்று. 35 ஆண்டுகள் ஒரு துரும்பும் கிட்டவில்லை. 2003-இல் மலையேறச் சென்றவர்கள் கண்ணில்தான் முதல் தடயம் பட்டது. பிறகு படையினர் பலமுறை தேடினர். ஆனாலும், 2024 முடிய மீண்ட உடல்கள் பத்தைத் தொடவில்லை.

"ரஷ்யக்காரன் சரக்கு, அவ்வளவுதான்!" என்று தேநீர்க் கடையிலே தீர்ப்பு வழங்குவோர் உண்டு. நெய்வேலித் தோழனிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! அந்த வானூர்தி விழுந்த காலத்திலேதான் நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் துணையோடு வளர்ந்துகொண்டிருந்தது. 1962-இல் முதல் இயந்திரம் ஓடியது. 9 இயந்திரங்கள், 600 மெகாவாட். 2020-இல் நிறுத்தும்வரை 58 ஆண்டுகள் உழைத்தது. யாரால்? ரஷ்யனாலா? ஓட்டைக் குழாயை மாற்றி, தேய்ந்த பகுதியைக் கழற்றி மாட்டி, கொதிகலன் அருகே வெந்த தொழிலாளியால்! அதே 2020-இல், மே மாதத்திலும் ஜூலையிலும், இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. நம் தோழர்கள் கருகினர். அந்த நிலையம் ரஷ்யச் சரக்கல்லவே! நாட்டின் பெயரைச் சொல்லிப் பழியைக் கழுவ முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இயந்திரத்துக்கு வயதாகும். வயதானால் செலவு கேட்கும். கொதிகலன் முனகினால் ஷட்டவுன் எடுத்துப் பார்க்கலாம். வானூர்திக்கு நடுவானில் ஏது ஷட்டவுன்? அதிலும் மலை நாட்டிலே! பள்ளத்தாக்கை மேகம் மூடினால், எது வெளி, எது பாறை என்று கண்ணுக்குத் தெரியாது. உயரத்திலே காற்று மெலிகிறது. இறக்கைக்குத் தாங்கும் வலு குறைகிறது, எஞ்சினும் இளைக்கிறது. இருபுறமும் சுவர்போல் மலை. திரும்ப இடம் போதாது. ஆகவேதான் மலைமேல் பறக்கும் ஊர்தியில், முன்னே இருக்கும் மேட்டை முன்கூட்டியே அறிவிக்கும் கருவி வேண்டும் என்கிறோம். அது ஆடம்பரமல்ல.

2019 ஜூன் 3. அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்து மெச்சுகாவுக்கு ஆன்டனோவ் 32 ஒன்று கிளம்பியது. 13 பேர். வெப்பத்திலும் உயரத்திலும் இயங்க வேண்டுமென்று நம் விமானப்படை கேட்டுப் பெற்ற வகை அது. 1984-இலிருந்து நம்மிடம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 8 நாள் ஆயிற்று, 12,000 அடி உயரத்தில்! ஒருவரும் பிழைக்கவில்லை. விழுந்த இடத்தைக் கூவிச் சொல்ல வேண்டிய அபாயக் குறிகாட்டி, செய்த நிறுவனமே கைவிட்டுவிட்ட பழைய வகை என்று ஏடுகள் எழுதின.

ரஷ்யாவிலும் இதே கதைதான். 2025 ஜூலை 24-இல், கிழக்குக் கோடியில் டிண்டா நகரருகே ஆன்டனோவ் 24 பயணிகள் விமானம் இறங்க முயன்று மலைச்சரிவில் மோதியது. 48 பேரும் மாண்டனர், குழந்தைகளும் உண்டு. 1976-இல் செய்தது அது. பறக்கும் தகுதிச் சான்றை 2036 வரை நீட்டிவைத்திருந்தார்களாம். அறுபது வயது வரை! தொழிலாளிக்கே அறுபதில் ஓய்வு கொடுக்கிறார்கள், தம்பி!

இந்தப் பழைய ஊர்திகளில் ஏறுகிறவர் யார்? அமைச்சர்களா, ஆலை முதலாளிகளா? சாலையில்லாத ஊர்க்காரர்கள், காவலுக்குப் போகிற சிப்பாய்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்!

தேடினால் கிடைக்காது என்றும் எவரும் சொல்ல வேண்டாம். 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற ஆன்டனோவ் 32, 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. 2024 ஜனவரியில் அதன் சிதறல்கள் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் தென்பட்டன. கண்டது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கருவி. கடலடியையே துழாவ முடிந்தவர்களுக்கு மலைமுகடு எட்டாதா?

டில்லியை நாம் கேட்பது கருணையல்ல, கணக்கு. இன்னும் பறக்கும் ஆன்டனோவ் 32-களில் மலை எச்சரிக்கைக் கருவியும் புதிய குறிகாட்டியும் எத்தனையில் பொருத்தியாயிற்று, எத்தனையில் பாக்கி? நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கட்டும். ரோத்தாங்கில் கோடைதோறும் பனி உருகுகிறது. அங்கே இன்னும் 90 பேருக்கு மேல் கிடக்கிறார்கள். அடுத்த தேடும் படை எந்த மாதம் மலையேறுகிறது என்பதையும் சேர்த்தே கேட்கட்டும்.