கோழிக்கு மருந்து: பழையது வலுவிழக்கிறது, புதியது வரவில்லை

அமெரிக்காவின் மிகப் பெரிய கோழி இறைச்சிக் கம்பெனியான டைசன், தனது கோழிகளுக்கு எந்த விதமான ஆன்டிபயாடிக் மருந்தும் கொடுப்பதில்லை என்று பெருமையாக விளம்பரம் செய்து வந்தது. 2023-ம் ஆண்டில் அந்த வாக்குறுதியை அது கைவிட்டது. மனித வைத்தியத்திற்கு முக்கியமான மருந்துகளை மட்டுமே இனித் தவிர்ப்பதாக அறிவித்தது. 2024-ல் சிக்-ஃபில்-ஏ என்ற பெரிய உணவகக் கம்பெனியும் அதே பாதையில் சென்றது. பணபலமும் விஞ்ஞான பலமும் உள்ள இந்தக் கம்பெனிகளே பின்வாங்கும் நிலை ஏன் வந்தது என்பது ஆராய வேண்டிய விஷயமாகும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணிக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

கிராமத்தில் கோழி வளர்த்தவர்கள் ரத்தக் கழிச்சல் நோயை அறிவார்கள். வைத்தியர்கள் இதைக் காக்சிடியோசிஸ் என்பர். ஐமீரியா என்ற ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். கோழிகளைத் தாக்கும் ஐமீரியாவில் பல வகைகள் உண்டு. நோயுற்ற கோழியின் எச்சத்தில் இதன் வித்துக்கள் வெளியேறுகின்றன. கொட்டகையில் பரப்பிய உமியோ தேங்காய் நார்த்தூளோ ஈரமாக இருந்தால், ஓரிரு நாட்களில் அவை நோய் பரப்பும் பக்குவத்தை அடைகின்றன. கூளத்தைக் கொத்தும் குஞ்சு அவற்றை விழுங்குகிறது. ஒரு வாரத்திற்குள் அதன் குடலில் ஒட்டுண்ணி ஆயிரக்கணக்கில் பெருகி மீண்டும் எச்சத்தில் வருகிறது. தடித்த ஓடு இருப்பதால் சாதாரணக் கிருமிநாசினிகள் இந்த வித்துக்களை அழிப்பதில்லை.

சாகும் குஞ்சுகளால் மட்டும் நஷ்டம் வருவதில்லை. பிழைத்த கோழியும் குடல் கெட்டுத் தின்ற தீவனத்திற்கு ஏற்ற எடை போடாது. உலகம் முழுவதும் இந்த நோயால் 2016-ம் ஆண்டு விலைக் கணக்கில் ஏறத்தாழ 1,040 கோடி பவுன் நஷ்டம் என்று விஞ்ஞானிகள் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. இந்த நோய் மனிதர்களுக்குத் தொற்றாது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்தின் சரித்திரத்தைப் பார்ப்போம். 1948-ல் சல்பாக்வினாக்சலின் தீவனத்தில் கலந்து கொடுக்கப்பட்டது. 1955-ல் நிகார்பசினும், 1960-ல் ஆம்ப்ரோலியமும் வந்தன. 1971-ல் அமெரிக்காவில் மோனென்சின் விற்பனைக்கு வந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட இது, ஒட்டுண்ணியின் உடலுக்குள் உப்புச் சத்தைப் புகுத்தி, நீர் கோத்து வெடிக்கச் செய்கிறது. அயனோபோர் என்ற இந்த வகை மருந்துகளை நம்பியே இன்றும் உலகின் கறிக்கோழித் தொழில் நடக்கிறது. மனித வைத்தியத்தில் இவை பயன்படுவதில்லை. எனினும் அமெரிக்காவில் இவை ஆன்டிபயாடிக் கணக்கில் வருகின்றன. டைசன் தனது வாக்குறுதியை மாற்றியதன் சூட்சுமம் இதுதான். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006-ல் தடை செய்த ஐரோப்பாவும் அயனோபோர்களைத் தடுக்கவில்லை.

ஆனால் ஒரே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிடுகிறது. சில மருந்துகள் மிகக் குறைந்த காலத்திலேயே பலனற்றுப் போயின. ஆகவே பண்ணைகளில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கின்றனர். அண்மையில் சீன விஞ்ஞானிகள் எத்தனமிசூரில் என்ற மருந்தை உருவாக்கியுள்ளனர். அதுவும் ஏற்கெனவே உள்ள டிக்ளாசூரில் குடும்பத்தைச் சேர்ந்ததே. முற்றிலும் புதிய வழியில் செயல்படும் மருந்து அரிதாகவே வருகிறது.

காரணங்கள் வெளிப்படை. ஐமீரியாவின் முழு வாழ்க்கைச் சுற்றையும் சோதனைக் குழாயில் நடத்திக் காட்ட முடிவதில்லை. உயிருள்ள கோழியில்தான் அதை வளர்க்க வேண்டியுள்ளது. மருந்து கோழிக்கும், அதைத் தின்னும் மனிதனுக்கும் தீங்கற்றது என்றும் நிரூபிக்க வேண்டும். இவ்வளவு செலவழித்த பிறகும், ஒரு கோழிக்குச் சில காசு பெறும் மருந்தாகவே அதை விற்க முடியும். சில ஆண்டுகளில் ஒட்டுண்ணி பழகிவிட்டால் போட்ட முதலும் போயிற்று. லாபத்தை மட்டும் கணக்குப் பார்க்கும் கம்பெனி இதில் ஏன் இறங்கும்?

தடுப்பு மருந்து இல்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1952-லேயே வந்துவிட்டது. ஆனால் அதையும் உயிருள்ள கோழிகளில்தான் தயாரிக்க வேண்டியிருப்பதால் செலவு கூடுகிறது. ஆறு வாரத்தில் விற்றுவிடும் கறிக்கோழிக்கு அது கட்டுபடியாகுமா என்று பண்ணைக்காரர் யோசிக்கிறார்.

இந்தியாவுக்கு இது அக்கறையுள்ள விஷயம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கோழி இனங்கள் 85.18 கோடி. அதில் 12.08 கோடியுடன் தமிழ்நாடு முதலிடத்தில் நிற்கிறது. பல்லடம் வட்டாரத்தில் ஏராளமான விவசாயிகள் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கின்றனர். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். தீவனத்தில் கலந்த மருந்து எது என்பதை முடிவு செய்வது அவர் அல்ல. ஆனால் மருந்து பலிக்காமல் எடை குறைந்தால் கூலி குறைவது அவருக்குத்தான்.

மாதக் கடைசியில் ஆட்டுக்கறி எட்டாத குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் கோழியும் முட்டையுமே கைகொடுக்கின்றன. பண்ணையில் நஷ்டம் கூடினால் அது கடை விலையிலும் தலைகாட்டும்.

எனவே கம்பெனிகள் தயங்கும் இந்த ஆராய்ச்சியை அரசின் கால்நடை ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் ஏற்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்த மருந்து பலிக்கிறது என்பதை அவ்வப்போது சோதித்துப் பண்ணைக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும். தீவன மூட்டையில் மருந்தின் பெயரைத் தமிழில் அச்சிடுவது பெரிய செலவு அல்ல. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்தை விலங்குகளுக்குத் தருவதை 2019-ல் தடை செய்த மத்திய அரசுக்கு, இதைச் செய்யும் அதிகாரமும் உண்டு. புதிய மருந்து வரும் வரை, கூளத்தை உலர்வாக வைப்பதும், தண்ணீர் சிந்தாமல் பார்ப்பதும், கோழிகளை நெருக்கி அடைக்காமல் இருப்பதுமே விவசாயியின் கையில் உள்ள மருந்து. அந்தப் பாதுகாப்பை மட்டும் நம்பி 12 கோடி கோழிகளை விட்டுவைக்க முடியாது என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.