முப்பதுக்கு எத்தனை?

2018 ஜனவரியில், அதிபர் டிரம்ப் ‘மோகா’ சோதனையில் 30-க்கு 30 வாங்கினார் என்று வெள்ளை மாளிகை மருத்துவர் அறிவித்தார். மறதிநோயின் அறிகுறி உண்டா என்று பார்க்கும் அந்தச் சோதனையைத் தன் அறிவுக்கூர்மைக்குச் சான்றாகவே காட்டிப் பிறகு அதிபர் பெருமையடித்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கும் நாமும் அதே நம்பிக்கையில்தான் இருக்கிறோம்: எண் குறைந்தால் மறதிநோய், கூடினால் கவலையில்லை. இதைவிட ஆபத்தான மூடநம்பிக்கை முதியோர் மருத்துவத்தில் அரிது.

இதே வேலைக்கான இன்னொரு சோதனையான எம்.எம்.எஸ்.இ. 1975-இல் வந்தது, மோகா 2005-இல். இரண்டுக்கும் மொத்தம் 30. ஆனால் வழக்கமான எல்லைக்கோடு முன்னதில் 24, பின்னதில் 26. லேசான தடுமாற்றத்தையும் பிடிப்பதற்கென்றே மோகாவைக் கடினமாக அமைத்தார்கள். எந்தச் சோதனை என்று கேட்காமல் ‘அப்பாவுக்கு 25’ என்று கலங்குவதிலும் நிம்மதி அடைவதிலும் பொருளில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் எடுத்த எம்.எம்.எஸ்.இ. கணக்கு 1993-இல் வெளியானது. குறைந்தது ஒன்பது ஆண்டு படித்தவர்களின் நடுமதிப்பு 29. நான்கு ஆண்டுக்கு மேல் படிக்காதவர்களுக்கு 22. அவர்களில் பாதிப்பேருக்கு மேல் எல்லைக்கோட்டுக்குக் கீழே! நூறிலிருந்து ஏழேழாகக் கழி, வாக்கியம் எழுது, ஐங்கோணம் வரை என்றால், பென்சில் பிடித்தறியாத பாட்டி என்ன செய்வார்? படிக்க வைக்காத ஊரின் குற்றம் அவர் மூளையின் தலையில் விழுகிறது.

ஹரியானாவின் பல்லப்கரில் ஆய்வு செய்தவர்கள் இதை உணர்ந்து, 1995-இல் இந்திச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். வாக்கியம் எழுதச் சொல்லாமல், வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதிக் காட்டாமல், தாங்கள் மூடிக் காட்டி அதுபோலச் செய்யச் சொன்னார்கள்.

மறுபக்கமும் உண்டு. நிறையப் படித்தவர் நோய் தொடங்கிய பிறகும் 29 வாங்கிவிடலாம். வங்கிக் கணக்கில் அவர் தடுமாறுவது வீட்டாருக்குத்தான் தெரியும்.

‘அப்படியானால் சோதனையே வேண்டாமா?’ வேண்டும், சந்தேகத்தை எழுப்புவதற்கு. தீர்ப்பு சொல்வதற்கு அல்ல. காது கேட்கிறதா, மனச்சோர்வு உண்டா, தைராய்டும் பி12-உம் சரியா என்று பார்க்காமல், மாத்திரையையும் பணத்தையும் எப்படிக் கையாள்கிறார் என்று வீட்டாரிடம் விசாரிக்காமல் ஒருவருக்கு மறதிநோய் என்று முத்திரை குத்துவது மருத்துவம் ஆகாது. எண்ணை மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவரிடம் கேளுங்கள்: ‘இவர் எத்தனையாவது வரை படித்தார் என்று கேட்டீர்களா, டாக்டர்?’